மூடி திறக்கும் சத்தம்

ரெபேக்காவின் வேலை சாக்கடைத் தண்ணீர் எடுப்பது. அதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறும் என்பதால் "லேப்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொள்வாள். கோயமுத்தூரில் பதினாறு இடங்களில் வாரம் ஒருநாள் பாதாளச் சாக்கடையிலிருந்து அரை லிட்டர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நோய் வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே அவர் வீட்டுக் கழிவுநீரில் வைரஸ் தெரிந்துவிடும். ஊரில் எவ்வளவு இருக்கிறது, எந்த வகை என்பதையெல்லாம் அதில் பார்க்கலாம். யாருக்கு என்பது மட்டும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் திட்டத்தின் விதி.

2025 ஜூன் முதல் வாரம் கணபதி என்ற பகுதியில் எடுத்த பாட்டிலில், இதுவரை யாரும் பதிவு செய்திராத ஒரு வகை இருந்தது.

அப்போதுதான் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் கொரோனா மறுபடி பரவுகிறது என்று தினமும் செய்தி வந்துகொண்டிருந்தது. ஏர்போர்ட்டில் இறங்குகிறவர்களைப் பார்த்தாலே ஜனங்கள் ஒதுங்கினார்கள். ஆய்வுக்கூடத்தின் வாராந்தர அறிக்கையில் "அடையாளம் காணப்படாத வகை" என்று ஒரு வரி இருந்தது. அது எப்படியோ வெளியே போய், மறுநாள் ஒரு டிவியில் "கணபதிக்குள் புது வைரஸ், விமானத்தில் வந்ததா?" என்று ஓடியது.

ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ஞானாபரணம் ரெபேக்காவைக் கூப்பிட்டார். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர்.

"குழாயைப் பிடிச்சுக்கிட்டே மேல போய்ப் பாரு. எந்தத் தெருன்னு தெரிஞ்சாப் போதும். வீட்டு வாசல் வரைக்கும் போகாத."

பாதாளச் சாக்கடை மூடி தூக்குவதற்கு மாநகராட்சியிலிருந்து திருமலைசாமியை அனுப்பினார்கள். ஐம்பது வயது. கையில் இரும்புக் கொக்கியும் கடப்பாரையும். இருவரும் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷனிலிருந்து தொடங்கினார்கள். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் மூடியைத் திறந்து, ஒவ்வொரு குழாயின் வாயிலும் கயிற்றில் பஞ்சுத்துணி கட்டித் தொங்கவிடுவார்கள். மறுநாள் எடுத்துச் சோதித்தால் ஒன்றில் அந்த வைரஸ் இருக்கும். இன்னொன்றில் துளிகூட இருக்காது. இருக்கும் பக்கமாக, தண்ணீர் வருகிற திசையில் மேலே நடக்க வேண்டும்.

நாலாம் நாள் திருமலைசாமி கொக்கியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏனுங் அம்மணி, ஊருக்கே வந்த நோவுன்னா எல்லாக் குழாயிலயும் கொஞ்சங் கொஞ்சம் இருக்கோணுமல்லங்க? இது என்னங்க, ஒத்தையடிப் பாதையாட்டப் போகுது?"

ரெபேக்காவுக்கும் அதுதான் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அவள் பார்த்த எந்த நோயும் இப்படி நடந்ததில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளின் தண்ணீரில் மங்கலாக இருந்தது, கிட்டப் போகப் போகக் கெட்டியானது. மூன்றாவது வாரம் பட்டறைகளுக்கு நடுவே ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பதினோரு வீடுகள், ஆறு மூடிகள். லேத் சத்தம் எல்லாத் திசையிலும் கேட்கும். அந்த வீதிக்குள் மட்டும் அது மெத்தையில் சுற்றியதுபோல் அமுங்கிக் கேட்டது.

வீதியில் நுழைந்ததுமே எந்த வீடு என்று அந்த ஜனங்கள் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. எட்டாம் நம்பர் வீட்டு கேட்டின் குறுக்கே நைலான் கயிறு கட்டியிருந்தது. பால் பாக்கெட் வீட்டு வாசலில் இல்லை, வீதி முனையில் ஒரு கல்லின் மேல் வெயிலில் கிடந்தது. அந்த வீட்டுக்கு அபுதாபியிலிருந்து ஜோவிதா என்ற நர்ஸ் வந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஜெபராணிக்காகப் போன வருஷம்தான் அந்த வீட்டை வாங்கியிருந்தாள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக லீவில் வந்தவள்.

வீதியின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிற தீபக் எதிரே வந்தான். முப்பது வயது, செல்போன் கடை வைத்திருப்பவன். மோர் டம்ளரை நீட்டினான்.

"வெயிலுங்க மேடம், குடிங்க. எந்த ஊடுன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"அதை நாங்க சொல்றதில்லீங்க."

"சொல்லவே வேண்டாமுங்க." அவன் சிரித்த முகமாகத்தான் சொன்னான். "நீங்க எந்த மூடிகிட்ட ரொம்ப நேரம் நிக்கறீங்கன்னு நாங்களே பாத்துக்கறமுங்க."

ரெபேக்கா நிமிர்ந்து பார்த்தாள். மாடிகளில், ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால், பாதி திறந்த கதவுகளில் ஆட்கள் நின்றிருந்தார்கள். திருமலைசாமி அடுத்த மூடிக்கு நகர்ந்ததும் எல்லா முகங்களும் சேர்ந்து அந்தப் பக்கம் திரும்பின.

அன்றிலிருந்து அவள் ஆறு மூடிகளையும் தினமும் திறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் வாட்ச் பார்த்து எட்டு நிமிஷம் நின்றாள். தேவையில்லாத குழிகளிலும் துணி தொங்கவிட்டாள்.

முடிவு வந்தபோது மூன்றாவது மூடியில் அளவு உச்சத்தில் இருந்தது. அதற்கு மேலே நாலாவதில் பூஜ்யம். இரண்டுக்கும் நடுவில் சாக்கடையில் சேர்வது இரண்டு வீடுகள்தான். எட்டாம் நம்பர் ஜோவிதாவின் வீடு, சுவர் ஒட்டிய ஒன்பதாம் நம்பர் வெங்கடம்மாள் என்ற அறுபது வயதுப் பெண்மணியின் வீடு.

"ஜோவிதாவா இருக்க முடியாது," என்றார் ஞானாபரணம். அவர் இரண்டு நாளாக வீட்டுக்குப் போகாமல் ஃப்ரீசரில் இருந்த பழைய பாட்டில்களை எடுத்துச் சோதித்திருந்தார். "இது ரெண்டு வருஷமா அந்தத் தண்ணியில வந்துக்கிட்டே இருந்திருக்கு. மத்த வகை நிறைய இருந்ததால நம்ம கண்ணுக்குத் தப்பிடுச்சு. அந்தப் பொண்ணு வந்து ஒரு மாசம்தானே ஆகுது? அவ அம்மா குடிவந்ததே போன வருஷம்தான்."

"அப்ப புது வைரஸ் இல்லையா சார்?"

"ரொம்பப் பழசு. இருபத்தொண்ணுல ரெண்டாவது அலை வந்துச்சே, அதோட வாரிசு. இப்ப உலகத்துல எங்கயும் அது இல்ல. இது மட்டும் ஒரு உடம்புக்குள்ள உக்காந்துக்கிட்டுத் தானா மாறிக்கிட்டே இருந்திருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே ஆள், ரெபேக்கா. நாலு வருஷமா. பிளேன்லயெல்லாம் வரல, இங்கயேதான் இருந்திருக்கு."

விமானத்தில் வரவில்லை என்று அவர் டிவிக்காரர்களுக்கு எழுதி அனுப்பினார். அதை யாரும் போடவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்கு ரெபேக்காவும் திருமலைசாமியும் கயிற்றைத் தூக்கிக் குனிந்து எட்டாம் நம்பர் வாசலுக்குப் போனார்கள். ஜோவிதா ஜன்னலைத் திறந்தாள். சுகாதாரத் துறை மூன்று முறை பரிசோதித்தும் அவளுக்கு இல்லை என்ற தாளை ரெபேக்கா நீட்டினாள்.

"இத வச்சு என்ன பண்றதுங்க, வாசல்ல ஒட்டி வைக்கட்டுமா?" என்றாள் ஜோவிதா. கோபம்கூட வராத அளவுக்குக் களைத்திருந்தாள். "அம்மாவுக்குக் காது மந்தம். இவங்க பேசறது எதுவும் அவங்களுக்குக் கேக்கறதில்ல. அது ஒண்ணுதான் நிம்மதி." பிறகு ஞாபகம் வந்தவளாக, "ஆமா, பக்கத்து வீட்டு அய்யாவை யாராவது டாக்டர்கிட்டக் காட்டுனாங்களா? நெஞ்சுச் சளி மாதிரி இருக்குதே. மதியமெல்லாம் இருமறாரு. சுவர்ல காது வைக்காமலே கேக்குது."

"எந்த அய்யாங்க?" என்றார் திருமலைசாமி.

"ஒன்பதாம் நம்பர்ல. வெங்கடம்மாள் அம்மாவோட வீட்டுக்காரர்."

திருமலைசாமி கொக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அம்மணி, வேங்கடசாமி அய்யன் தவறி நாலு வருசமாச்சுங்க. ரெண்டாவது அலையில ஆம்புலன்ஸ்ல போனவருங்க. நான் அப்பவும் இந்த வார்டுலதான் இருந்தேன்."

ஜோவிதா சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"நேத்துக்கூட அந்தம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாருங்க," என்றாள்.

திரும்பி நடக்கும்போது திருமலைசாமி தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார். வேங்கடசாமி லேத் பட்டறை வைத்திருந்தவர். அவர் போன பிறகும் வெங்கடம்மாள் பொட்டை எடுக்கவில்லை. தினமும் ஒரு முழம் மல்லி வாங்கி வைத்துக்கொள்கிறாள். துக்கத்தில் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று வீதியில் அதைப் பற்றி யாரும் அவளிடம் பேசுவதில்லை.

"சாவுக்கு நீங்க போனீங்களா?" என்று ரெபேக்கா கேட்டாள்.

"அப்ப யாரு சாவுக்கு யாருங்க போனாங்க?"

"அவரு இறந்தாருன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

திருமலைசாமி நின்று யோசித்தார். "எல்லாரும் சொன்னாங்கங்க," என்றார் கடைசியில்.

வீட்டு வாசல் வரை போகாதே என்று ஞானாபரணம் சொன்னது ரெபேக்காவுக்கு மறக்கவில்லை. ஆனால் நைலான் கயிறு கண்ணெதிரே கட்டியிருந்தது. வீதியில் எல்லா வீட்டிலும் சோதிப்பதாகக் காட்டிக்கொள்ள, ஒன்றாம் நம்பரிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி மூக்கில் சளி எடுத்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாம் நம்பர் கதவைத் திறந்த வெங்கடம்மாள் பெரிய குங்குமப்பொட்டும் தலை நிறையப் பூவுமாக இருந்தார்.

"நான் ஒருத்திதான் கண்ணு இருக்கறேன்," என்றார், கேட்பதற்கு முன்பே.

அவருக்கு வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. மூன்றாவது மூடியில் மட்டும் அது அப்படியே இருந்தது.

இரண்டு நாள் கழித்து ரெபேக்கா மறுபடி போனாள். முற்பகல் பதினோரு மணி. வெங்கடம்மாள் கதவைப் பாதி திறந்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, உங்களுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கீங்க," என்றாள் ரெபேக்கா தணிந்த குரலில். "ஆனா அய்யாவுக்கு மருந்து குடுக்கணும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வெங்கடம்மாள் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார். உள்ளே, வீட்டின் பின்பக்கத்திலிருந்து, ஓர் ஆணின் குரல் வந்தது.

"வரச் சொல்லு வெங்கடம்மா. மூணு வாரமா வந்துட்டுத்தான் இருக்காங்க."

பின்னறையில் ஒரே ஒரு ஜன்னல். அதையும் பழைய போர்வையால் மூடியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் தோல் வெயில் படாமல் மெழுகு நிறமாகிவிட்டிருந்தது. தலைமுடி ஒழுங்காக வெட்டி, சட்டை இஸ்திரி போட்டிருந்தது. எங்கோ புறப்படப் போகிறவர்போல இருந்தார்.

"உக்காருங் அம்மணி. நீங்க கொஞ்சம் கால் இழுத்து நடக்கறீங்க, இடது கால். கூட வர்றவரு இரும்பை ஊன்றாரு. முதல்ல மெயின் ரோட்டுப் பக்கம் மூடி தூக்கற சத்தம் கேட்டுச்சுங்க. அடுத்த நாள் பட்டறைகிட்ட. அப்புறம் வீதி முக்கு. ஒவ்வொரு நாளும் கிட்டக் கிட்ட வந்துச்சு." சாதாரணமாகத்தான் சொன்னார். "நேரா என்ற தலைமாட்டுலதான் வந்து நிக்கப்போவுதுன்னு நான் இவகிட்டச் சொல்லிட்டே இருந்தேன்."

ரெபேக்காவுக்கு இத்தனை நாள் தான் ஒன்றைத் தேடிப் போய்க்கொண்டிருந்ததாக நினைப்பு. இருட்டறையில் ஒருவர் படுத்துக்கொண்டு, தன்னை நோக்கி வருகிற காலடியை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் உறைத்தது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அவர் சொன்னார். 2019ல் மாற்றுச் சிறுநீரகம் வைத்தது. அது கெடாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். 2021 மே மாதம் நோய் வந்தபோது வீதியில் மூங்கில் கட்டி அவர்கள் வாசலை அடைத்தார்கள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். ஊரடங்கில் ஒரு மத்தியானம், வீதியே கதவு சாத்திக் கிடக்கையில், சத்தியமங்கலத்திலிருந்து வந்த மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்சந்து வழியாக வீட்டுக்குள் வந்தார்.

"அடுத்த நாள் சுவத்துக்கு அந்தப் பக்கம் தீபக்கோட அப்பனும் இன்னும் நாலு பேரும் பேசிட்டு இருந்தாங்க. பாவம் வேங்கடசாமி போயிட்டான், இனி மூங்கிலை அவுத்துரலாம்னாங்க. நான் இந்தக் கட்டல்லதானுங்க படுத்திருந்தேன்."

"நீங்க வெளிய வந்து சொல்லியிருக்கலாமே அய்யா."

"யாராச்சும் வந்து இவளக் கேக்கட்டும், அப்ப எந்திரிச்சு வரலாம்னு இருந்தேன். ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். ஒருத்தரும் கேக்கல. அப்புறம் ஒரு வருசமாச்சு. அதுக்கப்புறம் வெளிய வர்றதுக்கு வெக்கமாப் போச்சுங்க."

மாத்திரைகளை மச்சினன் மாதாமாதம் சத்தியிலிருந்து கொண்டுவந்தான். பின்சந்தில் கார் நிறுத்தி, நாலு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனான். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் அவர் வீதியைக் கேட்டுக்கொண்டு இருந்தார். எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, யார் யாரோடு பேசுவதில்லை, தீபக்கின் அப்பா கடைசி நாட்களில் எப்படி மூச்சுக்குத் திணறினார், எல்லாம் அவருக்குத் தெரியும்.

வைரஸ் அவர் குடலுக்குள் தங்கிவிட்டிருக்கிறது, எதிர்ப்புச் சக்தி குறைவாக இருப்பதால் உடம்பால் விரட்ட முடியவில்லை என்று ரெபேக்கா விளக்கினாள். அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார்.

"இன்னும் உள்ளதான் இருக்குதுங்களா?"

"ஆமாங்கய்யா."

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே." பிறகு, "இவளுக்கு?" என்றார்.

"அவங்களுக்கு இல்ல. வீதியில வேற யாருக்கும் இல்ல."

"அப்ப பக்கத்து ஊட்டுப் பொண்ணைத் திட்டறாங்களே. தெனமும் கேக்கறேன். கயிறு கட்டறப்பக் கேட்டேன். அது என்னாலயா?"

ரெபேக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெளியே யாருக்கும் தெரியாமலே சிகிச்சை செய்யலாம், ஆய்வுக்கூடம் பெயரைச் சொல்லாது, மூடிகள் எல்லாவற்றையும் திறந்து அவள் ஏற்கெனவே குழப்பி வைத்திருக்கிறாள் என்றெல்லாம் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை திருமலைசாமி முதல் மூடியில் கொக்கியை மாட்டியபோது ஒன்பதாம் நம்பர் கதவு திறந்தது. வேங்கடசாமி முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி படியிறங்கினார். பின்னால் கையில் அரிவாள்மணையோடு வெங்கடம்மாள்.

யாரும் கத்தவில்லை. திருமலைசாமி பிடித்திருந்த மூடி நழுவிக் குழியின் விளிம்பில் மோதியது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஈரத்துண்டோடு அப்படியே நின்றாள். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். பிறகு கதவுகள் சாத்திக்கொள்ளத் தொடங்கின. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, வீதி முனையிலிருந்து உள்நோக்கி. தீபக் மட்டும் வீட்டுக்குள் போக மறந்தவன்போல் நடுவீதியில் நின்றான்.

வேங்கடசாமி பத்தடி நடப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். எட்டாம் நம்பர் கேட்டில் கட்டியிருந்த கயிற்றை, வெங்கடம்மாள் நீட்டிய அரிவாள்மணையால் அறுத்தார். அறுத்த கயிற்றைச் சுருட்டி தீபக்கிடம் நீட்டினார்.

"கண்ணு, நீங்க தேடற நோவு எங்கிட்டத்தான் இருக்குது. அந்தப் புள்ள கொண்டாரல. நாலு வருசமா இங்கதான் இருக்கறேன்."

தீபக் கயிற்றை வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகுதான் அவர் தொட்ட கயிறு என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கீழே போடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அய்யா, வெயில்ல நிக்காதீங்க," என்று ஜோவிதா கேட்டைத் திறந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். தேர்ந்த நர்ஸின் பிடி. அன்று மாலை ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனதும் அவள்தான்.

சிறுநீரக டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்து, வைரஸுக்கு ஊசி மருந்து கொடுத்தார். ஜோவிதா லீவை இரண்டு வாரம் நீட்டித்து, பிறகு அபுதாபிக்குத் திரும்பினாள். டிவியில் வேறு செய்தி ஓடியது. வீதியில் யாரும் எதையும் அடைக்கவில்லை. ஆனால் அவர் வாசலில் உட்கார்ந்தால் சைக்கிளில் போகிற குழந்தைகள் எதிர்ப்பக்கச் சுவரை உரசிக்கொண்டு போயின. பெரியவர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். கிட்ட வரவில்லை. தன்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று வேங்கடசாமி ரெபேக்காவிடம் ஒருமுறை சொன்னார்.

ரெபேக்கா வாராவாரம் மூன்றாவது மூடியில் துணி தொங்கவிட்டாள். ஆகஸ்டில் அளவு இறங்கியது. செப்டம்பரில் தொடர்ந்து நாலு வாரம் பூஜ்யம். அதைச் சொல்ல அவளே நேரில் போனாள்.

"போயிருச்சுங்களா?" என்றார் அவர்.

"போயிருச்சுங்கய்யா."

வெங்கடம்மாள் அழுதுகொண்டே காப்பி போட எழுந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பஸ் ஏறி சத்தியமங்கலத்துக்கு, வெங்கடம்மாளின் தம்பி வீட்டுக்குப் போனார்கள். பின்சந்து வழியாகப் போகவில்லை. அன்று சாயங்காலம் வெங்கடம்மாள் ரெபேக்காவுக்கு போன் செய்தார். பஸ்ஸில் நல்ல கூட்டமாம். அன்னூரில் ஏறிய யாரோ ஒரு கூலிக்காரர் இவர்கள் சீட்டில் நெருக்கி உட்கார்ந்து, புளியம்பட்டி தாண்டுவதற்குள் வேங்கடசாமியின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாராம்.

"எழுப்பட்டுங்களான்னு கேட்டேன் கண்ணு. வேண்டான்னு கையைக் காட்டுனாரு," என்றார் வெங்கடம்மாள். "சத்தி வர்ற வரைக்கும் தோளை அசைக்கவே இல்ல."